பதினெட்டு வீட்டுக்கு ஒரே லைன்

ஆள் குட்டை, பெயர் நெட்டு. அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் இன்டர்நெட் வேலை பார்ப்பவர் என்பதால் குழந்தைகள் யாரோ ‘நெட்டண்ணன்’ என்று கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள் நெட்டண்ணன் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்து, தங்கள் தோளுயரத்துக்கு நிற்கிறவரைப் பார்த்து ஒரு கணம் விழிப்பார்கள். “நான்தாங்க. நெட்டு பேர்லதான் இருக்கு, உடம்புல இல்ல” என்பார். எத்தனை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாரோ, அவருக்கு அலுக்கவே இல்லை.

முன்பு கேபிள் டிவி கம்பெனியில் மாடிக்கு மாடி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடியபோது, இந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம் அவரைக் கூப்பிட்டு, தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையும் கொடுத்து வைத்துக்கொண்டது. வாடகை கிடையாது. பதிலுக்கு இன்டர்நெட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குகள், லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அவர் தலையில். அவர் மனைவி வாசலோரமாகத் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள். மேல்வீட்டுப் பெண்கள் துணி கொடுக்க இறங்கி வருவார்கள். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஏறுவார்கள். ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. “எங்கப்பாவுக்கு மாடிக்கு மாடி சொந்தக்காரங்க” என்று கேலி செய்வாள். அதில் பொய்யும் இல்லை. எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது, அதனால் காலிங்பெல் அடிக்கக்கூடாது என்பதுவரை அவருக்கு அத்துப்படி. நான்கைந்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போகும்போது சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பதினெட்டு வீட்டுக்கும் இன்டர்நெட் ஒரே லைன். வீட்டுக்கு வீடு தனியாக வாங்குவதைவிட, பெரிய லைன் ஒன்றை எடுத்துப் பகிர்ந்துகொள்வது மேல் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. படிக்கட்டுக்கு அடியில் மின் மீட்டர்கள் இருக்கும் அறை. அங்கே சுவரில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் வரிசையாக ஓட்டைகள் வைத்த தட்டையான பெட்டி ஒன்று. சுவிட்ச் என்றுதான் அதற்குப் பெயர், ஆனால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வரும் ஒயர் அதில் ஒவ்வோர் ஓட்டையில் செருகியிருக்கும். வெளியிலிருந்து வரும் லைன் கடைசி ஓட்டையில். விலை குறைந்த, சாதாரணப் பெட்டி. எந்த ஒயரில் எது வந்தாலும் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடும். யார், ஏன் என்று கேட்காது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

அதில் இருந்த ஆபத்தைப் பற்றி முதலில் வந்து சொன்னவன் ஐந்தாம் மாடியில் தனியாகக் குடியிருந்த இளைஞன். வீட்டிலிருந்தபடியே கணினி வேலை. தடித்த கண்ணாடி போட்டிருப்பான் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் ‘கண்ணாடி’. யாரோடும் ஒட்டமாட்டான், நெட்டண்ணனிடம் மட்டும் நின்று பேசுவான்.

“அண்ணே, என் கம்ப்யூட்டர்ல பக்கத்து வீட்டு பிரிண்டர் தெரியுதுண்ணே. கீழ்வீட்டு டிவிகூடத் தெரியுது. வாசல் கதவைப் பூட்டிட்டு ஒயர் வழியா எல்லாரையும் உள்ள விடுற மாதிரில்ல இருக்கு?”

அது நெட்டண்ணனுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் இன்னொருவன் வாயால் கேட்டபோது சுருக்கென்றது. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

“மேனேஜ்டு சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு சார். அதுல ஒவ்வொரு வீட்டு ஒயரையும் தனித்தனியாப் பிரிச்சு வைக்கலாம். எல்லாருக்கும் இன்டர்நெட் வழக்கம்போல வரும். ஆனா ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்குள்ள போக முடியாது.”

செயலாளர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். “இங்க எல்லாரும் ஒரே குடும்பமா இருக்கோம். குடும்பத்துக்குள்ள எதுக்குங்க தடுப்பு? நீங்க வேற, சும்மா பயமுறுத்தாதீங்க” என்றார் சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் போய்விட்டது. நெட்டண்ணனும் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பிற்பாடு அவர் பல முறை நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். கணவனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பகலில் அவன் தனியாகக் கட்டிலில் கிடப்பான். ஆஸ்பத்திரியிலிருந்தபடி அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா வாங்கி வந்தாள். நெட்டண்ணன்தான் அதைக் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் பொருத்தி, ஒயர் கொடுத்து, அவள் போனில் படம் தெரிய வைத்தார். படத்தில் தன்னையே பார்த்த கணவன் ஒரு பக்கமாகச் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாஸ்வேர்டு ஒண்ணு மாத்தணும்மா. பெட்டியோட வந்ததை அப்படியே வச்சிருக்கக் கூடாது.”

“டியூட்டிக்கு நேரமாச்சுண்ணே. நீங்களே பாத்து ஏதாவது வச்சிருங்களேன்.”

“இல்லம்மா, அது உனக்கு மட்டும்தான் தெரியணும். சாயங்காலம் வந்து மாத்தித் தர்றேன்.”

சாயங்காலம் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. ஆறு மாடியும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவரைப் பிடுங்கி எடுத்தது. மறுநாள் வேறு வேலை. கேமரா விஷயம் அவருக்கு மறந்தே போயிற்று.

சில மாதங்கள் கழித்து, வார்டில் வேலையாக இருந்த நர்ஸின் போனுக்கு யாரென்று தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. அவள் வீட்டு அறைதான். கட்டிலில் கணவன் தூங்குகிறான். பக்கத்தில் அவள், குளித்துவிட்டு வந்து உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள். படத்தின் மேல்மூலையில் அந்தக் கேமரா போடும் தேதி. அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அவசரக் கூட்டம். நர்ஸ் வரவில்லை, அவள் அண்ணன் வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெட்டண்ணனுக்கு நாற்காலி போடவில்லை. தற்செயலாக இருக்கும் என்று நினைத்து ஒரு தூணோரமாக நின்றுகொண்டார்.

“அந்த கேமராவை வெளியாளு பாக்க முடியுமா?” என்று செயலாளர் கேட்டார்.

“வெளியிலேர்ந்து கஷ்டம் சார். கட்டடத்துக்குள்ள இருந்து முடியும். நான் அன்னிக்கே சொன்னேனே, ஒரு வீட்டு ஒயர் இன்னொரு வீட்டு ஒயரோட...”

“அது இருக்கட்டும். பாஸ்வேர்டு வேணும்ல?”

அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மென்று முழுங்கியிருக்கலாம். மனைவி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். ஆனால் மடியில் கனமில்லாத மனுஷன், உள்ளதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

“பெட்டியோட வந்த பாஸ்வேர்டுதான் இருந்துச்சு சார். மாத்தித் தர்றேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். நான்தான் மறந்துட்டேன். அந்த பாஸ்வேர்டு அட்டையிலயே அச்சடிச்சிருக்கும், அந்த மாடல் கேமராவுக்கெல்லாம் அதேதான். இன்டர்நெட்டுல யாரு வேணாலும் தேடி எடுக்கலாம்.”

நர்ஸின் அண்ணன் மெதுவாக எழுந்து நின்றான். செயலாளர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்ப, அது திறந்து கெடக்குன்னு இந்தக் கட்டடத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். உனக்கு.”

உனக்கு. அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து ‘நீங்க’ தவிர வேறு வந்ததில்லை. பழி போட்டது ஒரு பக்கம் இருக்க, அந்த ஒரு வார்த்தைதான் நெட்டண்ணனை அடித்துப்போட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சார், நான்...” என்று ஆரம்பித்து அதற்கு மேல் கோவையாக வராமல் தடுமாறினார். திணறுவதைப் பார்த்தவர்கள் அதற்கும் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

போலீஸில் புகார் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் வந்து நெட்டண்ணனின் போனையும் பழைய லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மீட்டர் அறைக்கு வந்த அதிகாரி இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தார்.

“எந்த வீட்டுலேர்ந்து கேமராவைப் பாத்தாங்கன்னு இந்தப் பெட்டியில பதிவாகியிருக்காதா?”

“இருக்காது சார். இது சாதாரண சுவிட்ச். எதையும் வச்சுக்காது.”

“உனக்கு வசதிதான்” என்றார் அதிகாரி.

வசதியா? அந்தப் பெட்டி ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவர் தலை தப்பியிருக்கும். அதைக் கையில் எடுத்துக் குலுக்கிக் கேட்க வேண்டும்போல அவருக்கு ஆத்திரம் வந்தது. படம் வந்த எண்ணும் பொய்யான எண். யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் போனையும் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்தார்கள். “இதுல ஒண்ணும் இல்ல” என்றார் அதிகாரி. அதை எழுதித் தர முடியுமா சார் என்று நெட்டண்ணன் கேட்டார். “கெடைச்சாத்தான்யா எழுதுவோம். கெடைக்கலைன்னு யாராவது எழுதுவாங்களா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒன்றும் இல்லை என்பதை அவர் போய் யாரிடம் காட்டுவது? சாவி கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஊரிலிருந்து மாமியார் வருகிறார், தம்பி வருகிறான் என்று ஏதோ காரணம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். தைக்கக் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே திரும்பக் கேட்டார்கள். அவர் படியேறினால் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும். லிஃப்டில் அவர் இருந்தால், “நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்” என்பார்கள்.

ஒரு நாள் நர்ஸை மருந்துப் பையோடு படிக்கட்டில் நேருக்கு நேர் பார்த்துவிட்டார். அவள் ஒதுங்கவில்லை. நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“அம்மா, சத்தியமா நான் இல்லம்மா.”

“நீங்கதான்னு நான் எங்கயும் சொல்லலண்ணே” என்றாள். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “ஆனா நீங்க இல்லைன்னும் என்னால சொல்ல முடியல. வீட்டுல எந்தச் சுவரைப் பாத்தாலும் ஒரு கண்ணு இருக்கிற மாதிரி இருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அந்த மாதமே கணவனை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

வீட்டுக்குள் மட்டும் எல்லாம் பழையபடி இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மகளின் போன் சார்ஜில் கிடந்தது. அதன் முன்பக்கக் கேமராவின் மேலும் பின்பக்கக் கேமராவின் மேலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டு, “ஸ்கூல்ல எல்லாரும் ஒட்டுறாங்கப்பா” என்றாள். கேட்காமலேயே சொன்னாள். “நல்லதும்மா, ஒட்டிக்கிறது நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எல்லோரும் ஒட்டுகிறார்களோ என்னவோ. அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்டு, அவள் உண்மையைச் சொல்லிவிட்டால்?

சங்கம் ஒருவழியாக மேனேஜ்டு சுவிட்ச் வாங்கியது. வெளியாளை வைத்துப் பொருத்தத்தான் நினைத்தார்கள். வந்தவன் அலமாரிக்குள் தொங்கிய ஒயர்க் கற்றையைப் பார்த்து, எது எந்த வீட்டு ஒயர் என்று தெரியாமல் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது தெரிந்தவர் நெட்டண்ணன் ஒருவர்தான். செயலாளரும் கமிட்டியில் இரண்டு பேரும் அவரைச் சுற்றி நிற்க, லேப்டாப் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

ஒயர் ஒயராகப் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகினார். பிறகு லேப்டாப்பில் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்து, எந்தெந்த ஓட்டையைத் தனிமைப்படுத்த வேண்டுமோ அவற்றுக்கு நேரே குறி போட்டுக்கொண்டே வந்தார். பின்னால் மூன்று பேர் மூச்சு விடுவது கழுத்தில் பட்டது. சீக்கிரம் முடித்துவிடப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் லைன் இருக்கும் கடைசி ஓட்டைக்கும் சேர்த்துக் குறி போட்டுவிட்டார். தனிமைப்படுத்திய ஒன்று இன்னொன்றோடு பேசாது. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில் இன்டர்நெட் அறுந்தது. மாடிக்கு மாடி கதவு திறந்தது. “நெட்டு போச்சு!” என்று யாரோ கத்தினார்கள். முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கு அவர், “நெட்டு எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்!” என்று படிக்கட்டு வழியாகக் கத்துவார், மேலேயிருந்து சிரிப்பு வரும். இப்போது பேசாமல் கடைசிக் குறியை மட்டும் எடுத்தார். விளக்குகள் பச்சையாகச் சிமிட்டின. கத்தல் அடங்கியது.

லேப்டாப்பை ஒரு வீட்டு ஒயர் இருந்த ஓட்டையில் செருகி, மற்ற வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களையும் டிவிக்களையும் அதிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. இன்டர்நெட் மட்டும் வந்தது.

“இனிமே யாரும் யார் வீட்டுக்குள்ளயும் போக முடியாது சார். இந்தப் பெட்டிக்கு நீங்களே ஒரு பாஸ்வேர்டு போட்டு வச்சுக்கங்க. எனக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது காதில் விழுந்தது. பிள்ளையைப் போல வளர்த்த லைன் அத்தோடு அவர் கையைவிட்டுப் போயிற்று.

மற்ற இருவரும் போன பிறகு செயலாளர் மட்டும் தயங்கி நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அஞ்சாம் மாடிப் பையன்... கம்ப்யூட்டர்ல ரொம்ப கெட்டிக்காரனோ? உங்களுக்கு என்ன தோணுது?”

நீங்க. எடுத்துக்காதீங்க. உங்களுக்கு. எத்தனை மாதமாயிற்று அப்படிக் கேட்டு! நெட்டண்ணனுக்கு உடம்பெல்லாம் இளகிப்போனது. “யார் பேரையாவது சொல்லித் தொலைங்களேன், நம்ம பேரே எத்தனை நாளைக்கு நிக்கிறது?” என்று மனைவி தினமும் அரித்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. கண்ணாடியைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. இந்த ஆபத்தைப் பற்றி முதலில் வந்து எச்சரித்தவனே அவன்தான். அதைச் சொன்னால் போதும்.

“நல்லாத் தெரியும் சார் அவனுக்கு” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே படியேறினார். நெட்டண்ணன் பின்னாலேயே இரண்டு படி ஏறினார். கூப்பிட நினைத்தார். கூப்பிடவில்லை.

ஊர் வாய்க்கு அது போதுமாயிருந்தது. மாதம் முடிவதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் கண்ணாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவன் சாமான் ஏற்ற வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவிக்கு ஒருவரும் இல்லை. நெட்டண்ணன்தான் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து ஐந்து மாடியும் இறக்கினார். வண்டிக் கதவைச் சாத்திவிட்டு அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன காரணம்னே தெரியலண்ணே. யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. இந்தக் கட்டடத்துல என்னை மனுஷனா மதிச்சது நீங்க ஒருத்தர்தான்.”

நெட்டண்ணன் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். “போயிட்டு வா தம்பி” என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டாள்: “யாரு காலி பண்ணிட்டுப் போனது?”

“கண்ணாடித் தம்பி.”

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. “அவனா?” என்றாள். “அப்ப... அவன்தானா அது?”

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையைக் கண்டபோதுதான், இத்தனை நாளும் அவர்கள் இருவரும் தன்னைப் பற்றி என்ன நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு முழுசாக விளங்கியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பயம் மறுபடியும் அவர் தலைமேலேயே வந்து இறங்கும்.

“தெரியலம்மா” என்றார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். “பாத்தா பூனை மாதிரி இருந்தான், பாவி” என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, வெகு நாளைக்குப் பிறகு, அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்ல ஆரம்பித்தாள். நெட்டண்ணன் குனிந்த தலை நிமிராமல், போட்டதையெல்லாம் சாப்பிட்டு முடித்தார்.